14. இலவம்பஞ்சுத் தலையணை

மாற்றலில் புனேக்குப் போகிறேன், இல்லை, இங்கேயே இருக்கிறேன் என்று சுப்ரியா தன் ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் அந்தச் சனிக்கிழமை.

வியாழக்கிழமை இரவு சாப்பாட்டு மேஜையில் அவள் அந்தப் பேச்சை எடுத்ததையும், அவள் கணவனும் என் ஒரே மகனுமான ஷ்யாம் "உன் இஷ்டம்" என்று தட்டோடு எழுந்து போனதையும், மேஜையில் நானும் ரசமும் மட்டும் மிஞ்சியதையும் போன வாரம் சொல்லியிருந்தேன். அதன் பிறகு எங்கள் ஹைதராபாத் அல்வால் வீட்டில் மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிட்டோம். ஒருவர் தட்டைக் கழுவிவிட்டு நகர்ந்த பிறகுதான் இன்னொருவர் சமையலறைக்குள் நுழைவது. யாரும் ஏற்பாடு செய்யாமலே அப்படி ஆகிவிட்டது.

விஜயகுமாரி இருந்தால் ஒரு வேளைகூட அப்படி நடந்திருக்காது. என் மனைவி இறந்தது மழைக்காலத்தில். அதற்குப் பிறகு குளிர் வந்து போய், இப்போது வெயில் உச்சத்தில் இருந்தது.

சனிக்கிழமை காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகு நான் கற்றுக்கொண்ட ஒரே சமையல் அது. கல்லில் தண்ணீர் தெளித்து, துளிகள் துள்ளி ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது சுப்ரியா வந்து பின்னால் நின்றாள். தோளில் பை. எங்கேயோ கிளம்பியிருந்தாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லும்மா."

"அத்தை இருந்தா அவங்ககிட்டச் சொல்லியிருப்பேனுங்க."

சுப்ரியா ஈரோட்டுப் பெண். வேலைக்காக ஹைதராபாத் வந்தவள். எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு ஆற்காட்டுப் பக்கமிருந்து செகந்திராபாத் வந்து, அப்படியே தங்கிவிட்டது. எங்கள் தமிழில் பாதி இந்த ஊர்ச் சரக்கு. இந்தப் பெண்ணின் 'ங்க' வந்த பிறகுதான் நம்ம வீட்டுக்கே ஒரு மரியாதை வந்தது என்று விஜயா சொல்லிச் சிரிப்பாள்.

"பரவாயில்லம்மா. என்கிட்ட சொல்லு" என்று ஒரு கரண்டி மாவைக் கல்லில் ஊற்றினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்துச் சொன்னாள்.

"போன மாசம் ரெண்டு பேரும் டாக்டர்கிட்டப் போனோமுங்க. எனக்கு எல்லாம் சரியா இருக்குதாம். அவரோட ரிப்போர்ட்லதான்... எண்ணிக்கை கொஞ்சம் கம்மியா இருக்குதுன்னாங்க."

நான் தோசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சூடு ஆகாதாமுங்க. லேப்டாப்ப மடியில வெக்கவே வேண்டாம்னாங்க. அது ஒண்ணுதான் காரணம்னு டாக்டர் சொல்லலை. ஆனா நம்ம கையில இருக்கறது அதுதான், கொஞ்ச மாசம் கவனமா இருந்துட்டு மறுபடி பார்க்கலாம்னாங்க. இவரு கேக்கவே மாட்டேங்கறாருங்க. சொன்னாச் சண்டை. தோசை கருகுதுங்க மாமா."

அவளே எட்டி அடுப்பை அணைத்தாள்.

"குழந்தை பொறக்குது, பொறக்காமப் போகுது. அதுகூட இல்லீங்க. ஒரு நாற்காலி மாறி உக்காருங்கன்னு கேட்டேன். அதுக்குக்கூட ஆகாதுன்னா நான் இங்க யாருக்குங்க? என்னேரமும் அந்தப் பொட்டி, அந்த நாற்காலி, அந்தத் தலகாணி. பக்கத்துல போய் நின்னா நிமிர்ந்து பார்க்க ஆளில்லை."

"நான் என்னம்மா செய்யணும்?"

"நீங்க சொல்லுங்க. உங்க பேச்சைத் தட்ட மாட்டாரு. நான் போவன்பள்ளியில என் ஃப்ரெண்டு ப்ரியா வீட்டுக்குப் போயிட்டு, மார்க்கெட்டுல காய் வாங்கிட்டுச் சாயங்காலம் வர்றேன். இருட்டறதுக்குள்ள ஆபீசுக்கு மெயில் போட்டாகோணும்."

வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "கோபமா சொல்லிடாதீங்க மாமா. அத்தை சொல்ற மாதிரிச் சொல்லுங்க."

அவள் போய்விட்டாள். அத்தை சொல்கிற மாதிரி. எனக்கு அந்தத் தோசையைத் திருப்பிப் போடவே தெரியவில்லை.

ஷ்யாம் ஹாலில் இருந்தான். சனிக்கிழமையும் அவனுக்கு வேலை. புது வெர்ஷன் வெளியிடுகிற நாளாம். விஜயாவின் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, கால்களை ஸ்டூலில் நீட்டி, மடியில் அவளுடைய இலவம்பஞ்சுத் தலையணையை வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்திருந்தான். காதில் ஹெட்போன். "ஒக்க நிமிஷம் ஆகு ரா, லாக்ஸ் சூடனி" என்று யாரையோ தெலுங்கில் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தத் தலையணை ஜெனரல் பஜாரில் எங்கள் கண்ணெதிரே பஞ்சு அடைத்துத் தைத்தது. ஸ்பாஞ்சு தலையணையில் விஜயாவுக்குத் தூக்கம் வராது. கடைசியில் ஆஸ்பத்திரிக்கும் அதைத்தான் எடுத்துப் போனோம். அவள் திரும்பவில்லை, அது திரும்பியது. அவளுடைய புடவைகளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்த நாளில் அது எப்படியோ பிரம்பு நாற்காலியில் தங்கிவிட்டது. ஒருநாள் ஷ்யாம் அங்கே உட்கார்ந்து, அதை மடிக்கு இழுத்துக்கொண்டான். பிறகு அதுவே அவன் ஆபீஸ் ஆனது.

லேப்டாப்புக்கு மூச்சுவிடும் ஓட்டைகள் அடியில் இருக்கின்றன. தலையணையில் அது அமுங்கி உட்கார்ந்தால் ஓட்டைகள் அடைபடும். உள்ளே ஃபேன், கதவு சாத்திய அறையில் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி கிடந்து அலறும். திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் ஒரு சின்ன எண்ணை ஷ்யாம் வைத்திருந்தான். அறுபதில் பச்சை, எண்பதில் மஞ்சள், தொண்ணூறைத் தாண்டினால் சிவப்பு.

விஜயா இருந்த காலத்தில் ஒருமுறை, அவன் மெஷினைச் சோபாமேல் வைத்திருந்தபோது, அந்த எண்ணை நான் எட்டி நின்று பார்த்தேன்.

"அது என்ன தொண்ணூத்தஞ்சுன்னு அவன்கிட்ட கேளு" என்றேன் அவளிடம்.

"டேய், அது என்னடா தொண்ணூத்தஞ்சு? அப்பா கேக்கறாரு."

"பிராசஸர் டெம்பரேச்சர்மா."

"டெம்பரேச்சராம்" என்றாள் என்னிடம்.

"தொண்ணூத்தஞ்சுதானே. காய்ச்சல்கூட இல்லையேன்னு சொல்லு."

ஷ்யாம் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, அது செல்சியஸ்னு சொல்லும்மா அவருக்கு. தண்ணி கொதிக்கறது நூறு."

மூன்று பேரும் ஒரே ஹாலில்தான் இருந்தோம். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு டீப்பாய்தான்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. சண்டையில் வந்ததல்ல, எப்போது வந்தது என்றும் தெரியாது. அவன் என்ன படிக்கப் போகிறான் என்பது அவள் வழியாக எனக்கு வந்தது. கூட வேலை பார்க்கும் ஈரோட்டுப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பதும் அவள் வழியாகத்தான். "எனக்குச் சம்மதம்னு அவன்கிட்ட சொல்லு" என்று நான் சொன்னபோது அவன் அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

இத்தனைக்கும் நான் பேசத் தெரியாதவன் இல்லை. செகந்திராபாத் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஐந்து பாஷையில் சத்தம் போட்டு ஓய்வு பெற்றவன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் வந்தாலும் பேசிவிடுவேன். ஷ்யாம் அந்தப் பக்கத்தில் வந்து நின்றதே இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். "அம்மா, அப்பாவைப் போய் சாப்பிட்டு வரச் சொல்லு." "விஜயா, நேத்து ராத்திரியெல்லாம் அவன் தூங்கலை, வீட்டுக்குப் போகச் சொல்லு." அவள் கண்ணைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பாள். பிறகு கண்ணைத் திறக்க முடியாமல் போன நாட்களிலும் நாங்கள் அவளிடமேதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவளை எடுத்துப் போன பிறகு கேஸ் வந்ததா, தண்ணி லாரி எப்போது வரும் என்பது போக எங்களுக்குள் பேச ஒன்றும் இருக்கவில்லை. இருந்தது. கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்லை.

இப்போது இதை எப்படிச் சொல்வது?

ஹாலில் போய் நின்றேன். ஷ்யாம் ஒரு பக்க ஹெட்போனை விலக்கி, "என்னப்பா?" என்றான்.

"கூலர்ல தண்ணி இருக்குதா?"

"இருக்குப்பா."

"சரி."

சட்டையை மாட்டிக்கொண்டு செகந்திராபாத்துக்கு பஸ் ஏறினேன்.

ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரர் என் வயதுக்காரர், வாய் ஓயாதவர்.

"க்யா ஹோனா சாப்?" என்ன வேண்டும் என்றார்.

லேப்டாப் சூடாகிறது, அடியில் வைக்க ஏதாவது வேண்டும் என்றேன்.

"கித்னா கரம்?" எவ்வளவு சூடாம்.

"பச்சானவே" என்றேன். தொண்ணூற்றைந்து.

"பாப்ரே! அண்டா தோடே தோ ஆம்லெட் பன்ஜாயிங்கா." முட்டையை உடைத்து ஊற்றினால் ஆம்லெட் ஆகிவிடுமாம். "கஹான் ரக்தா? மேஜ் பே?"

மேஜையில் இல்லை, மடியில் என்று தொடையைத் தட்டிக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பேட்டா? ஷாதி ஹோகயி க்யா?" மகனா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று.

"ஹவ்." ஆமாம்.

"பச்சே?" குழந்தைகள்?

"ஓ பாத் நக்கோ பாய். சாமான் திகாவ்" என்றேன். அந்தப் பேச்சு வேண்டாம், சாமானைக் காட்டு என்று.

அவர் சிரித்தபடி, இரண்டு சின்ன ஃபேன் பொருத்திய ஒரு தட்டை எடுத்து வைத்தார். "பேட்டே கூ சீதா போலோ சாப். கைக்கு ஷர்மானா?" நேராகச் சொல்ல வேண்டியதுதானே, எதற்கு வெட்கம்?

நேராகவாம். அவருக்கு மகனோடு பேச நடுவில் கவுண்டர் கண்ணாடி தேவைப்படாது போலிருக்கிறது. தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டு மேஜைமேல், நல்ல நாற்காலி ஒன்றின் முன்னால், துடைத்து வைத்தேன். திருப்பதி பெருமாள் படம் மாதிரி நேராக, நடுவாக. யார் பார்த்தாலும் இதன்மேல் லேப்டாப்பை வைத்து இங்கே உட்காரத்தான் தோன்றும் என்று எனக்குத் தோன்றியது.

மதியம் ஷ்யாம் சாப்பிட எழுந்து வந்தான்.

"என்னப்பா இது?"

"ஃபேன். சும்மா கண்ணுல பட்டுச்சு. உன் மெஷின் ரொம்பக் கத்துது."

அவன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு நிமிஷம் அவன் முகம் பள்ளிக்கூடப் பையனின் முகமாக இருந்தது. எனக்குத் தெரிந்து நான் நேராக அவன் கையில் எதையும் வாங்கிக் கொடுத்ததில்லை. பேனா, சைக்கிள், வாட்ச் எல்லாமே விஜயா கையால் போனவை.

"தேங்க்ஸ்பா" என்றான். "நல்லா இருக்கு."

சாப்பிட்டு முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு நேரே பிரம்பு நாற்காலிக்குப் போனான். மடியில் தலையணை. தலையணைமேல் என் ஃபேன் தட்டு. அதன்மேல் லேப்டாப்.

"அப்பா, எண்பத்திமூணுக்கு எறங்கிடுச்சு! சூப்பர்!"

மெஷினுக்குக் குளிர்ந்துவிட்டது. இரண்டு ஃபேனும் சேர்ந்து அதன் சூட்டை அவன் தொடைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தன.

"நல்லது" என்று சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். விஜயா இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பாள்.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையாமல் நின்றது. வெயில் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. சுப்ரியா வர அதிக நேரமில்லை. நான் சொல்லாவிட்டால் இந்த வீட்டிலிருந்து இன்னொரு பெண்ணும் போய்விடுவாள். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. வாய் வராததற்கு வெட்கம் மட்டும்தான் காரணம் என்றால் எப்படியாவது அதை மென்று விழுங்கியிருப்பேன். இன்னொன்றும் இருந்தது. அதை இங்கே சொல்லாமல் மேலே எழுத முடியாது.

தினமும் சாயங்காலம் ஷ்யாம் லேப்டாப்பை மூடிவிட்டு, "ஏரிப் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவான். சுப்ரியா ஆபீசிலிருந்து வந்திருக்க மாட்டாள். வீட்டில் நான் மட்டும். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் நான் ஹாலுக்குப் போய் நாற்காலியிலிருந்து தலையணையை எடுப்பேன்.

அது சூடாக இருக்கும். நாள் முழுக்க அந்த மெஷினின் சூட்டை இலவம்பஞ்சு குடித்து வைத்திருக்கும். அதை என் அறைக்குக் கொண்டுவந்து கட்டிலில் அவள் பக்கத்தில் போட்டு, இந்தப் பக்கம் படுத்து, அதன்மேல் கையை வைத்துக்கொள்வேன். யாரோ இப்போதுதான் எழுந்து சமையலறைக்குப் போன மாதிரி இருக்கும். பால் பொங்கப் போகிறது, அதைப் பார்க்கத்தான் போயிருக்கிறாள், இதோ வருவாள் என்பது போல. கொஞ்ச நேரம்தான். பிறகு ஓரங்களிலிருந்து ஆறும். நடுவில் ஒரு கை அளவு மட்டும் கடைசிவரை இருக்கும். அதுவும் போனதும் எழுந்து, கொண்டுபோய் நாற்காலியில் இருந்த வாக்கிலேயே வைத்துவிடுவேன்.

ஹைதராபாத் மே மாதத்தில், ஊரே மண்பானையைத் தேடும்போது, சூடான தலையணைக்குக் காத்திருக்கும் மனிதன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

மேஜைக்கு மாறச் சொன்னால் தலையணை வெறும் தலையணையாகிவிடும்.

கரண்ட் போனது அப்போதுதான். ஹாலில் கூலர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் வாயடைத்தன. எழுந்து ஹாலுக்கு வந்து சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஷ்யாம் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டிருந்தான். வைஃபை போனதில் பேச்சு அறுந்துவிட்டது. பேட்டரியில் லேப்டாப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஃபேன் சத்தம்தான் வீட்டில் மிச்சம். சமையலறை வாசலில் சாயங்கால வெளிச்சம் ஒரு புடவைத் தலைப்பு அளவுக்கு விழுந்திருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"விஜயா" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. பழக்கத்தில் வந்துவிட்டது. ஷ்யாமின் விரல்கள் நின்றன. வந்த வார்த்தையை விழுங்குவதற்குப் பதில், அதன் பின்னாலேயே போனேன்.

"விஜயா, உன் பையன்கிட்ட சொல்லு. அந்தப் பொட்டிய மடியிலேர்ந்து எறக்கி வெக்கச் சொல்லு."

ஃபேன் சத்தம். அவன் ஸ்டூலிலிருந்து கால்களை இறக்கினான்.

"அம்மா" என்றான் ஷ்யாம். அவன் முகமும் சமையலறைப் பக்கம்தான். "சுப்ரியா சொல்லிட்டாளான்னு அப்பாகிட்ட கேளு."

"ஹவ், சொல்லிட்டான்னு சொல்லு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்னு சொல்லு. தப்பா நெனச்சுக்க வேணாம், அந்தப் பொண்ணுக்கு வேற யாரு இருக்கறான்னும் சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கழுத்து சிவந்திருந்தது. நான் நிறுத்தினால் பிறகு ஆயுளுக்கும் ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்தது.

"வெக்கப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லு விஜயா. நாமளும் இவனுக்காக எத்தினி வருஷம் காத்துக்கினு இருந்தோம். நான் டாக்டர்கிட்ட வர மாட்டேன்னு அடம்புடிச்சேன். நீதான் லாலாபேட் வரைக்கும் என் கையப் புடிச்சி இழுத்துக்கினு போனே. அத அவனுக்குச் சொன்னியோ இல்லையோ. இப்ப சொல்லு."

ஷ்யாம் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தான். உடனே மறுபடி வாசலைப் பார்த்தான்.

"சொன்னதே இல்லையேம்மா நீ" என்றான்.

"அவ வாயில ரகசியம் தங்கும்" என்றேன்.

அவன் மூக்கை உறிஞ்சினான். சிரித்தானா என்று தெரியவில்லை.

"ஒரு நாற்காலிதான் கேக்கறா சுப்ரியா. மாறி உக்காரச் சொல்லு விஜயா. அந்தப் பொண்ணு போயிட்டா இந்த வீட்ல நானும் இவனும் யாரு மூலமா பேசறது?"

அவன் இரண்டு கைகளையும் லேப்டாப்பின் பக்கவாட்டில் வைத்தான். தூக்கப் போகிறான் என்று நினைத்தேன். தூக்காமல் அப்படியே இருந்தான்.

"அம்மா, அப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேக்கச் சொல்லு."

"தலகாணி சூடா இல்லன்னா அவருக்குப் பரவாயில்லையான்னு கேளு."

மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் டெய்லி எதுக்கு ஏரியைச் சுத்தப் போறேன்னு நெனைக்கறாராம் கேளும்மா. இந்த வெயில்ல நாய்கூட அந்தப் பக்கம் வராது. ஒருநாள் செல்போனை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். கதவு சாத்தலை. கையை அதுமேல வெச்சிக்கினு படுத்திருந்தாரு." அவன் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி ஸ்டூல்மேல் வைத்தான். "சுப்ரியாகிட்ட இதை எப்படிம்மா சொல்றது? சொன்னா அப்பாவைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும். அதான், உன் இஷ்டம் உன் இஷ்டம்னு சண்டை போட்டுக்கினு இருந்தேன்."

கரண்ட் இல்லாத வீட்டில் வியர்வை வழிந்தது. அதைத் துடைக்கிற சாக்கில் முகம் முழுவதையும் துண்டால் துடைத்தேன். எதிர்ப்பக்கத்தில் அவனும் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

என் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். அவன் வீடு உடைய இருந்ததும் அதனால்தான்.

"பரவாயில்லன்னு சொல்லு விஜயா" என்றேன். "ஆறின தலகாணியிலயும் தூக்கம் வரும்னு சொல்லு."

ஷ்யாம் எழுந்தான். லேப்டாப்பையும் ஃபேன் தட்டையும் சேர்த்துத் தூக்கி வந்து, காலையிலிருந்து நான் பார்த்து வைத்திருந்த இடத்தில், மேஜை நடுவில் வைத்தான். அடியில் காற்றுப் போக வழி கிடைத்ததும் வண்டின் அலறல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து நின்றது. திரை மூலையில் எண் மஞ்சளிலிருந்து பச்சைக்கு இறங்கியது.

பிறகு நாற்காலிக்குத் திரும்பிப் போய்த் தலையணையை எடுத்து வந்தான். இந்த முறை வாசலைப் பார்க்கவில்லை.

"இந்தாங்கப்பா" என்றான். "இன்னிக்கு இருக்கு."

வாங்கிக்கொண்டேன். பகலெல்லாம் சேர்த்த சூடு. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் எனக்கு எதிரே, சாப்பாட்டு மேஜை நாற்காலியில், புது இடத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்தான்.

கேட் சத்தம் கேட்டது.

சுப்ரியா ஒரு கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையும் இன்னொரு கையில் செல்போனுமாக உள்ளே வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. முதலில் காலியான பிரம்பு நாற்காலியைப் பார்த்தாள். அடுத்து மேஜைமேல் லேப்டாப்பை. அடுத்து அவனை. கடைசியாக, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை.

பையைத் தரையில் வைத்தாள். ஒரு தக்காளி உருண்டு மேஜைக்கு அடியில் போனது. யாரும் எடுக்கவில்லை.

"ப்ரியா வீட்ல வைஃபை இருந்துச்சுங்க மாமா" என்றாள் மெதுவாக. "அங்கிருந்தே மெயில் அனுப்பிட்டேன்."

"என்னன்னு?" என்றான் ஷ்யாம்.

அவள் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை மட்டும் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தது. அனுப்பியதைத் திரும்ப வாங்க வழியுண்டா என்று தேடுகிறாளா, வேண்டாம் என்று இறுக்கிக்கொள்கிறாளா, அந்த அரை இருட்டில் எனக்குப் புரியவில்லை.

கரண்ட் இன்னும் வரவில்லை. என் கைகளுக்குள் ஓரங்கள் ஆற ஆரம்பித்திருந்தன. நடுவில் இருக்கும் அந்தக் கை அளவும் போவதற்குள் இந்தப் பெண் ஏதாவது பேசினால் தேவலை என்று காத்துக்கொண்டிருந்தேன்.